ஏரியாவில் ஓர் ஏரி: காப்பாற்ற இறங்கும் நகரவாசிக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்து ஏரியைக் காப்பாற்றக் கிளம்பிய எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கையுறை, தோளில் சாக்கு. ஆறு மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்குள் நாற்பது மூட்டை கட்டுவோம். கரையில் வரிசையாக நின்று போட்டோ எடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். அடுத்த ஞாயிறு போனால் அதே இடத்தில் அதே கேரி பேக், அதே தெர்மகோல். ஒன்றரை வருஷம் இப்படி ஓடிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. இதெல்லாம் எந்த வழியாக ஏரிக்குள் வருகிறது என்று எங்களில் ஒருவரும் போய்ப் பார்த்ததே இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் குப்பை பொறுக்குவது கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். சென்னையின் தென்புறநகரை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டங்களும் விண்ணப்ப முறைகளும் கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: மழை பெய்யும்போது வெளியே போங்கள்

வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழைக்குக் காத்திருங்கள். எல்லோரும் வீட்டுக்குள் ஓடும்போது நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு ஏரியின் மேட்டுப்பக்கம் நடங்கள். தண்ணீர் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது, எந்தக் கல்வெர்ட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வராமலே போகிறது, எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் அதுவே காட்டிவிடும். எந்த வரைபடமும் இவ்வளவு நேர்மையாகப் பேசாது. ஒன்று மட்டும்: முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்காதீர்கள், மின்பெட்டிகளை ஒட்டி நடக்காதீர்கள். கீழே திறந்த மேன்ஹோல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதற்குப் பெயர் கிடைக்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால்வாய். பாசனத்துக்குத் திறந்துவிடுவது மதகு. ஏரி நிரம்பிய பிறகு மிகுதி நீர் வழிந்து விழும் கல்கட்டு கலங்கல். அங்கிருந்து அடுத்த ஏரிக்குப் போவது போக்குக்கால்வாய். பழைய ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல, ஒன்றன் மிகுதி அடுத்ததன் வரத்து. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம் பக்கம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதற்கும் அப்பால் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் தண்ணீர் நின்றுவிடாது, வேறு வழி பார்த்துக்கொள்ளும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அது எந்த வழி பார்த்தது என்று வேளச்சேரிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

எங்கள் ஏரியின் கலங்கல் எங்களுக்கு எந்த வரைபடத்திலும் அகப்படவில்லை. மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான் காட்டினார். டீக்கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், யாரோ துணி காயப்போட்டிருந்த கருங்கல் வரிசை ஒன்றைக் காலால் தட்டினார்.

"இதான் தம்பி கலங்கல். இதுக்கு மேல தண்ணி வந்தாதான் அந்தப் பக்கம் விழும். நாங்க இங்க நின்னுதான் கெண்டை புடிப்போம்."

"இப்ப நிரம்புனா எங்கங்க போவும்?"

"எங்க போவும்? உங்க பில்டிங்குக்குத்தான்."

மீன் பிடிப்பவர்கள், மாடு வைத்திருப்பவர்கள், முன்பு அங்கே பயிர் வைத்தவர்கள், இவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஏரி நமக்கு நடைப்பயிற்சிக்கான இடம், அவர்களுக்கு அது பிழைப்பாக இருந்தது.

படி 2: ஏரி யாருடையது என்று தாளில் கண்டுபிடியுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் எழுதும் எந்த மனுவும் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். பெரிய பாசன ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும் (முன்பு பொதுப்பணித் துறைக்குள் இருந்தது). சிறிய குளம் குட்டைகள் மாநகராட்சியிடம், கோயில் குளம் அறநிலையத் துறையிடம். நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கும். சென்னையில் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. இரண்டும் ஒரே குழாயில் கலந்து ஓடும்போது யாரைக் கேட்பது? இருவரையும்தான்.

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் கொடுத்து அ-பதிவேட்டு (கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். நகர நிலஅளவை முடிந்த இடங்களில் அதற்கான தனிப் பதிவேடு இருக்கும். பதிவேட்டில் 'ஏரி', 'குளம்', 'வாய்க்கால்', 'நீர்நிலைப் புறம்போக்கு' என்று எப்படி வகைப்படுத்தியிருக்கிறது, பரப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பாருங்கள். பதிவேட்டுப் பரப்புக்கும் இன்று கண்ணில் படும் நீர்ப்பரப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வழக்கின் பாதி.

வரத்துக்கால்வாய்க்குத் தனி சர்வே எண் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். ஏரியைப் பற்றி ஊரே பேசும், வாய்க்காலைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. அதனால்தான் வாய்க்கால் முதலில் காணாமல் போகும்.

நகரமே ஏரிமேல்தான் நிற்கிறது என்பதும் இந்தத் தேடலில் புரியும். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துப் போட்ட நகர். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, வியூ மட்டும்தான் இல்லை.

படி 3: உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நாங்களும் குதித்தோம்.

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் 36 வீடுகள். பாதாளச் சாக்கடை இணைப்பு அப்போது வரவில்லை, கழிவுநீர்த் தொட்டிதான். நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டி சீக்கிரம் நிரம்பும், லாரிக்காரர்கள் விலையும் ஏற்றுவார்கள். ஏரியில் நாற்றம் என்று மனு எழுதிக்கொண்டிருந்த மாதத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் பால்கனியில் நின்றேன். கீழே ஒரு மோட்டார் ஓடியது. காவலாளி கையில் டார்ச், தரையில் பச்சை நிற ஹோஸ், அதன் மறுமுனை தெருவோர மழைநீர் வடிகாலுக்குள். அந்த வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் படி 1-இல் நானே நடந்து பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நிலவிய அமைதியை மறக்க முடியாது. "எல்லா பில்டிங்கும் பண்றாங்க சார்" என்றார் செயலாளர். உண்மைதான். அதனால்தான் ஏரி அப்படி இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது: உங்கள் கட்டடத்தின் தொட்டியோ சுத்திகரிப்பு நிலையமோ உண்மையில் வேலை செய்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். லாரி ரசீதுகளை எடுத்து எண்ணுங்கள். இத்தனை வீட்டுக்கு மாதம் இத்தனை லாரி என்ற கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மீதி எங்கோ போகிறது. தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது என்றால் இணைப்புக்கு உடனே விண்ணப்பியுங்கள். அடைப்பு எடுக்கவோ தொட்டி சுத்தம் செய்யவோ எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. அப்படியே மழைநீர் சேகரிப்புக் குழியையும் திறந்து பாருங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்றாலும், பல குழிகளில் மண்தான் நிரம்பியிருக்கும்.

எங்கள் கட்டடத்தில் பச்சை ஹோஸை நிறுத்த ஏழு மாதம் ஆனது, பராமரிப்புக் கட்டணமும் கொஞ்சம் கூடியது. அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கட்டடக்காரரிடம் பேசும் தகுதி எங்களுக்கு வந்தது.

படி 4: ஒரு வருஷம் நோட்டில் எழுதுங்கள்

வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. கரைப்படியில் எத்தனை படி தண்ணீருக்கு மேல் தெரிகிறது என்ற எண்ணிக்கை. வாடை இருந்ததா, தண்ணீர் என்ன நிறம், எந்தக் குழாயிலிருந்து எத்தனை மணிக்கு என்ன கொட்டியது. வெயில் காயும் மே மாதத்தில், மழையே இல்லாதபோது, மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. தேதியோடு கூடிய அந்த ஒரு போட்டோ பத்து மனுவுக்குச் சமம்.

டிடிஎஸ் மீட்டர் வாங்கி ஏரியில் முக்கிப் பார்க்கும் நண்பர்கள் உண்டு. அது கரைந்த உப்பைத்தான் சொல்லும், சாக்கடை கலந்திருக்கிறதா என்று சொல்லாது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் முக்கியம். மீன்கள் வாழத் தகுந்த நீருக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். கருவி இல்லாதவர்கள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் ஆக்சிஜன் செலவாகி, விடியும்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஏரிக்கு மூச்சு முட்டுகிறது. ஆகாயத்தாமரை முழுப்பரப்பையும் மூடினால் அது நோயல்ல, அறிகுறி. சாக்கடையின் சத்தைத் தின்றுதான் அது அப்படி வளர்கிறது. அள்ளி எறிந்தால் சில வாரங்களில் திரும்ப மூடிவிடும்.

பறவைகளையும் எழுதுங்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நீளவால் இலைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் எடுத்து வையுங்கள். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்டதை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். உங்கள் ஏரியின் பெயர் ஒரு பொதுப் பதிவில் ஏறிவிடும். இங்கே ஒன்றுமே இல்லை என்று பின்னால் யாராவது அறிக்கை எழுத வந்தால், அந்தப் பட்டியலை எடுத்து மேஜையில் போடலாம்.

படி 5: ஐந்து பேர்

300 பேர் வாட்ஸ்அப் குழு வேண்டாம். குட்மார்னிங் பூங்கொத்துகளுக்கு நடுவே ஏரி மூழ்கிவிடும். நடந்து வர ஒருவர், எழுத ஒருவர், அலுவலகம் ஏறி இறங்கப் பகலில் நேரம் உள்ள ஓய்வுபெற்ற ஒருவர், போட்டோ எடுக்க ஒருவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர். கடைசி ஆள் இல்லாவிட்டால் மற்ற நால்வரையும் நேற்று வந்த அபார்ட்மென்ட்காரர்கள் என்றுதான் ஊர் பார்க்கும், அதில் தப்பும் இல்லை. பணம் வசூலிக்காதவரை பதிவு தேவையில்லை. வசூலிப்பதாக இருந்தால் சங்கமாகப் பதிவு செய்யுங்கள், குறைந்தது 7 பேர் வேண்டும்.

படி 6: மனு, தகவல், சபை

மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். 'ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்பது கோரிக்கையாகாது. 'சர்வே எண் இன்னதில் உள்ள வரத்துக்கால்வாயை அளந்து எல்லைக்கல் நடவும்' என்பதுதான் கோரிக்கை. சர்வே எண், தேதியிட்ட இரண்டு போட்டோ, கையெழுத்து, ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. குப்பை, வடிகால் அடைப்பு போன்ற சில்லறைப் புகார்களுக்குச் சென்னை மாநகராட்சியின் 1913. புகார் எண்ணை நோட்டில் எழுதி வைக்கவில்லை என்றால் புகாரே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். நாங்கள் அனுப்பியதில் வேலை செய்த கேள்விகள் இவை (அளவுப் புத்தகம் என்பது செய்த பணியை அளந்து எழுதும் பதிவேடு):

"மேற்படி சர்வே எண்ணில் உள்ள ஏரியின் பதிவேட்டுப் பரப்பு, முழு நீர்மட்டம், கலங்கலின் உயரம் ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்களின் நகல் தருக. கடந்த 5 ஆண்டுகளில் இந்த ஏரிக்கு ஒதுக்கிய தொகை, செய்த பணி, அளவுப் புத்தகத்தின் நகல் தருக. இந்த ஏரிக்குள் கழிவுநீர் விடுவது தொடர்பாக அனுப்பிய அறிவிப்புகளின் நகல் தருக."

முதல் முறை ஓர் அலுவலகத்திலிருந்து 'இது எங்கள் துறையைச் சார்ந்ததல்ல' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அப்படிச் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, உரிய துறைக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய மறு கடிதத்துக்கு மரியாதையான பதில் வந்தது. பலருக்குத் தெரியாத இன்னொன்று, இதே சட்டத்தில் பணியை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. கரையில் சிமென்ட் வேலை நடக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள், ஒப்பந்ததாரரின் குரல் மாறும்.

அடுத்தது பகுதி சபை. கிராம சபைபோல நகரத்துக்கும் வார்டு குழுவும் பகுதி சபையும் தமிழ்நாட்டில் 2022-இல் நடைமுறைக்கு வந்தன. உங்கள் பகுதிக்கு எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் பத்துப் பேர் போண்டா சாப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதோடு முடியும். அதுவும் ஒரு வாய்ப்புதான், பத்துப் பேர் கூட்டத்தில் உங்கள் ஐந்து பேர் பாதிப்பேர் ஆயிற்றே. ஏரி பற்றிய தீர்மானத்தை எழுதிக் கொண்டுபோய், குறிப்பேட்டில் ஏறும்வரை நகராமல் நில்லுங்கள்.

ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நீர்வளத் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் எழுதும்போது நம் கை தானாகக் குடிசைகள் பக்கம் போகும், புல்டோசரும் அங்கேதான் முதலில் போகும். அங்கிருந்த மக்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும், அதுவும் வெள்ளம் நிற்கும் நிலத்திலேயே, குடிவைத்ததை இந்த நகரம் பார்த்திருக்கிறது. வரத்துக்கால்வாயை அடைத்து நிற்கும் காம்பவுண்டுச் சுவர் யாருடையது என்று முதலில் எழுதுங்கள். என் அனுபவத்தில் அது குடிசையாக இருந்ததே இல்லை.

படி 7: இப்போது கையுறை மாட்டலாம்

உரிய துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். பூட்ஸ், தடித்த கையுறை கட்டாயம். உடலில் காயம் இருந்தால் வேண்டாம். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரலாம், அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஏரியில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாம்பைக் கண்டால் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்துவிட்டு ஒதுங்குங்கள். எடுத்த குப்பையை அன்றே ஏற்றிச்செல்ல மாநகராட்சி வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மூட்டைகளே அடுத்த மழையில் ஏரிக்குள் போகும். செப்டம்பரில் வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்வதுதான் வருஷத்திலேயே பலன் அதிகமுள்ள ஞாயிறு.

மரம் நடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். ஒரு கோடையில் நாங்கள் காய்ந்த ஏரித்தரையில் 120 கன்று நட்டு, தினமும் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினோம். நவம்பரில் ஏரி தன் இடத்துக்கு வந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. கன்றுகளைக் கட்டிவைத்த மூங்கில் குச்சிகள்மேல் நீர்க்காகங்கள் உட்கார்ந்து இறகு உலர்த்தின.

படி 8: தீர்ப்பாயம்

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும் என்ற காலவரம்பு உண்டு, ஆகவே முதல் தேதியை நோட்டில் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பாயம் பெரும்பாலும் கூட்டுக்குழு அமைத்து அறிக்கை கேட்கும். அந்தக் குழு ஏரிக்கு வரும் நாளில் உங்கள் ஐந்து பேரும் நோட்டோடு கரையில் இருக்க வேண்டும்.

படி 9: பணம் வந்த பிறகு

இதுதான் ஆபத்தான கட்டம். சிட்லபாக்கத்தில் 2019 வறட்சியில் மக்கள் தாங்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள், அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் ஏரிக்கும் ஒருநாள் பணம் வரும். வந்தவுடன் விரிவான திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நடைபாதை, அலங்கார விளக்கு, செல்ஃபி பாயின்ட் எல்லாம் பளபளவென்று வண்ணத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கறுப்பு வெள்ளைப் பக்கங்களை. கழிவுநீரைத் திருப்பிவிட வழி இருக்கிறதா? நடைபாதை கரைக்கு வெளியே போகிறதா, உள்ளே நீர்ப்பரப்பைத் தின்கிறதா? தூர்வாரும் ஆழம் எவ்வளவு? அடியிலிருக்கும் களிமண் படுகையை உடைத்துத் தோண்டினால் தண்ணீர் நிற்காது. கரையோரம் ஆழமில்லாமல் சரிவாக விட்டிருக்கிறார்களா? செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது.

அப்புறம் அளவு நாடாவோடு போய் ஒன்றைச் சரிபாருங்கள். எங்கள் ஏரியில் புதிதாகக் கட்டிய உள்வாய்க் குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. அதாவது தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால்தான் ஏரிக்குள் சொட்டு விழும். கான்கிரீட் காய்வதற்குள் பார்த்ததால் உடைத்துத் தாழ்த்தினார்கள். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அந்த மாட்டுக்காரப் பெரியவர்.